பட்டம் கைக்கு வரும் முன்பே: மாணவர்கள் வேலை தேடவும் தொழில் தொடங்கவும் துணைநிற்பது எப்படி?

கடைசி வருடம் தொடங்கியதும் பல்கலைக்கழகங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ரெஸ்யூமே எழுதப் பயிற்சி, குழு விவாதம், ஆளுமை வளர்ச்சி வகுப்பு, தொழில்முனைவோர் தினம், ஊக்கம் தரும் சொற்பொழிவு என்று அடுத்தடுத்து நடக்கும். எல்லாம் முடிந்து பார்த்தால், ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர்களும் வீட்டில் வழிசொல்ல ஆள் இருப்பவர்களும் வேலையில் சேர்ந்திருப்பார்கள். மற்றவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு, அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிளம்பிப் போயிருப்பார்கள்.

அந்த மற்றவர்களை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். துறை ஆசிரியர்கள், பிளேஸ்மென்ட் அலுவலர்கள், தொழில்முனைவு மையம் நடத்துபவர்கள் ஆகியோருக்கு இது. தனி மையம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு ஆசிரியர் இந்தப் பொறுப்பைச் சுமக்கும் இடத்திலும் இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை தேடுவதும் தொழில் நடத்துவதும் வகுப்பில் உட்கார்ந்து கேட்டு வந்துவிடாது; செய்து செய்துதான் வரும். படிக்கும் காலத்திலேயே, சின்ன அளவில், தவறினாலும் பெரிய சேதம் வராத விதத்தில் மாணவர் அதைச் செய்து பார்க்க இடம் அமைத்துக் கொடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

படி 1: ஒவ்வொரு மாணவரிடமும் தனியாகப் பேசுங்கள்

முதலாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவருடனும் 20 நிமிடம் பேசிவிடுங்கள். படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னால் போதாதா என்று தோன்றும். போதாது. படிவத்தில் ‘எதிர்கால லட்சியம்’ என்ற கட்டத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். நேரில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு:

- குடும்பத்தில் யாராவது அலுவலக வேலை பார்க்கிறார்களா, சொந்தத் தொழில் செய்கிறார்களா?
- படிப்பு முடிந்த உடனே வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டுமா, ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்க முடியுமா? கல்விக் கடன் இருக்கிறதா?
- வேறு ஊருக்குப் போய் வேலை பார்க்க முடியுமா? முடியாதென்றால் எதனால்?
- இதுவரை பணத்துக்காகவோ உதவியாகவோ என்னென்ன வேலை செய்திருக்கிறார்?

கடைசிக் கேள்விக்குப் பலர் முதலில் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். உறவினர் கடையில் கணக்கு எழுதியது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, விளையாட்டுப் போட்டி நடத்தியபோது பணம் வசூலித்துச் செலவுக் கணக்குக் காட்டியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதெல்லாம் அனுபவம்தான் என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். உடனடியாகச் சம்பளம் தேவைப்படும் மாணவரிடம் ‘துணிந்து இறங்கு, தொழில் தொடங்கு’ என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. முதலில் ஒரு வேலை, அதோடு மாலையில் அல்லது வார இறுதியில் தொழில் முயற்சி என்று அவருக்கு வேறு வரிசை போட வேண்டும். பேசியதைச் சுருக்கமாகக் குறித்து வையுங்கள். குடும்ப நிலவரம் பற்றிய பகுதி உங்களைத் தாண்டி யார் கண்ணிலும் படக்கூடாது.

படி 2: படிப்புக்குள்ளேயே வேலையைக் கொண்டுவாருங்கள்

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், மாணவர்கள் சில வாரம் வகுப்பிலும் சில வாரம் தொழிற்சாலையிலும் மாறி மாறி இருக்கும் முறையை 1906இல் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே இந்த முறையில்தான் பாடம் நடத்தத் தொடங்கியது. இன்று அங்கே வழக்கமாக நான்கு மாதப் படிப்பு, நான்கு மாதச் சம்பள வேலை என்று மாறி மாறி வரும். பட்டம் வாங்கும்போது மாணவர் பல நிறுவனங்களைப் பார்த்து முடித்திருப்பார். எந்த வேலை தனக்கு ஒத்துவராது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும், அது சின்ன லாபம் இல்லை.

உங்கள் பாடத்திட்டத்தை அந்த அளவுக்கு மாற்ற முடியாமல் இருக்கலாம். சரி, முடிந்ததைச் செய்யலாம். மூன்று வழிகள் சொல்கிறேன்.

முதலாவது, வளாகத்துக்குள் இருக்கும் வேலைகள். நூலகம், ஆய்வகம், கணினி உதவி மையம், விடுதிக் கணக்கு, தேர்வுப் பிரிவு, ஆராய்ச்சித் திட்டங்கள் என எல்லா இடத்திலும் மாணவர் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வாரத்துக்குச் சில மணி நேரம், கூலியோடு, ஒரு மேற்பார்வையாளரின் கீழ் கொடுங்கள். நேரத்துக்கு வருவது, செய்த வேலையைப் பதிவு செய்வது, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்வது எல்லாம் இங்கே பழகும்.

இரண்டாவது, இன்டர்ன்ஷிப். இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். நிறுவனத்தோடு ஒரே பக்க அளவில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: மாணவர் என்ன வேலை செய்வார், யார் மேற்பார்வை, வாரத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு உதவித்தொகை, முடிவில் கையில் என்ன இருக்கும். ‘கையில் என்ன இருக்கும்’ என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் அது சான்றிதழ் வாங்குவதற்கான இன்டர்ன்ஷிப். அதற்கு அனுப்பாதீர்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை வசதி உள்ள மாணவர்தான் தாங்க முடியும். அதை நாம் ஊக்குவித்தால் யாருக்கு உதவி தேவையோ அவரையே வெளியே தள்ளுகிறோம்.

மூன்றாவது, மாணவர்களே நடத்தும் சேவை நிறுவனம். 1967இல் பிரான்சின் எசெக் வணிகப் பள்ளி மாணவர்கள், வெளி நிறுவனங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வும் ஆலோசனையும் செய்து தரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ‘ஜூனியர் என்டர்பிரைஸ்’ என்ற பெயரில் அது ஐரோப்பா முழுக்கவும் பிரேசில் வரைக்கும் பரவியது. கணினித் துறை மாணவர்கள் சிறு வியாபாரிகளுக்கு இணையதளம் செய்யலாம், மொழித் துறை மாணவர்கள் மொழிபெயர்க்கலாம், புள்ளியியல் மாணவர்கள் ஒரு தொண்டு நிறுவனத்தின் தரவை ஒழுங்குபடுத்தித் தரலாம். வேலை தேடும் மாணவருக்கும் தொழில் கனவு உள்ள மாணவருக்கும் ஒரே நேரத்தில் பயன்படும் ஏற்பாடு இது என்பதால் எனக்கு இதில் தனி நம்பிக்கை. வாடிக்கையாளரிடம் பேசுவது, விலை சொல்வது, பாக்கி வசூலிப்பது எல்லாம் இங்கே நிஜமாகவே நடக்கும்.

படி 3: தெரிந்தவர் வட்டத்தைப் பெரிதாக்குங்கள்

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றிச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று அவர் கண்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளி வட்டத்திலிருந்துதான் வரும். 2022இல் சயின்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் ஐந்து வருடத்தில் 2 கோடி பேரை உள்ளடக்கி நடந்த பரிசோதனைகளை வைத்து இதைச் சோதித்தது. முன்பின் தெரியாதவர்களைவிடவும், மிக நெருங்கியவர்களைவிடவும், ஓரளவு தெரிந்தவர்களின் தொடர்பே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இல்லாதது இதுதான். அவருடைய குடும்பத்துக்கும் உறவுக்கும் தெரிந்தவர்களில் அவர் போக விரும்பும் துறையைச் சேர்ந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். அந்த வட்டத்தைப் பல்கலைக்கழகம் உருவாக்கித் தரலாம், தர வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் துறையில் கடந்த பத்து ஆண்டுகளில் படித்து முடித்தவர்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். பெரிய பதவியில் இருப்பவர்களை மட்டும் தேடாதீர்கள்; இரண்டு மூன்று வருடம் முன்பு படித்து முடித்தவர்தான் இப்போதைய மாணவருக்கு மிகவும் பயன்படுவார். தேர்வு எப்படி நடக்கும், சேர்ந்த முதல் மாதம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத்தான் மறக்காமல் இருக்கும். ‘வருடத்தில் மூன்று மாணவர்களோடு 15 நிமிடம் போனில் பேச முடியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். நன்கொடை கேட்டால் தயங்குபவர்கள்கூட இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டவர்களின் விவரத்தை மட்டும் மாணவர்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம், மாணவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து முதல் கடிதத்தை எழுதவையுங்கள். இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். நீங்கள் படித்த துறையில் நான் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருப்பதாக எங்கள் ஆசிரியர் சொன்னார். அந்த வேலை நாள்தோறும் எப்படி இருக்கும், அதற்கு நான் இப்போதே என்ன பழக வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் பேச முடியுமா?’

வேலை கேட்கவில்லை, நேரம் குறைவாகக் கேட்கிறார், எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பது தெளிவாக இருக்கிறது. பேசி முடித்த மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி எழுத வேண்டும். அவர் சொன்ன ஆலோசனையைச் செய்து பார்த்த பிறகு, ‘நீங்கள் சொன்னபடி இதை முடித்தேன்’ என்று இன்னொரு முறை எழுத வேண்டும். அந்த இரண்டாவது கடிதத்தைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. எழுதுபவரை எதிர்முனையில் இருப்பவர் மறப்பதில்லை.

படி 4: விண்ணப்பத்தைச் சீர்படுத்துங்கள்

ரெஸ்யூமேவைப் பற்றி வேண்டிய அளவுக்கு எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்ற வரிகளை எடுத்துவிட்டு, செய்த காரியத்தை எழுதச் சொல்லுங்கள். ‘ஆய்வகப் பொறுப்பில் இருந்தேன்’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘ஆய்வகத்தில் இருந்த 140 கருவிகளுக்கும் பதிவேடு தயாரித்தேன், பழுதான 23 கருவிகள் அடையாளம் காணப்பட்டுச் சரிசெய்யப்பட்டன’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு மனிதர் தெரிகிறார். படி 2 நடந்திருந்தால்தான் இப்படி எழுதுவதற்குச் சரக்கு இருக்கும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இரண்டு விஷயங்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் நல்ல ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஒன்று, பரிந்துரைக் கடிதம். முன்பு வேலை கொடுத்தவர் எழுதிய கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்தபோது, நேர்முகத் தேர்வுக்கான அழைப்புகள் சுமார் 60 சதவீதம் கூடின. ஆனால் வேலை தேடும் இளைஞர்கள் தாங்களாக அப்படி ஒரு கடிதம் கேட்டு வாங்குவது அரிதாகவே இருந்தது. ஆகவே வளாக வேலையோ இன்டர்ன்ஷிப்போ முடியும் நாளிலேயே மேற்பார்வையாளரிடம் கடிதம் வாங்குவதை ஒரு விதியாகவே வையுங்கள். ‘நல்ல மாணவர்’ என்ற கடிதம் வேண்டாம். நேரம் தவறாமை, கற்றுக்கொள்ளும் வேகம், நம்பகத்தன்மை ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லும் கடிதம் வேண்டும்.

இன்னொன்று, எழுதிவைத்த திட்டம். வேலை தேடும் இளைஞர்களை ஒரு பயிலரங்கில் உட்காரவைத்து, எந்த நாளில் எத்தனை விண்ணப்பம், எந்த நேரத்தில், எந்த வழியில் என்று தங்கள் கைப்பட எழுதவைத்தார்கள். அவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் 15 சதவீதம் கூடின, கிடைத்த வேலை வாய்ப்புகள் 30 சதவீதம் கூடின. தேடும் நேரம் கூடவில்லை. ஒரே வழியில் தேடாமல் பல வழிகளில் தேடினார்கள். செலவில்லாத காரியம் இது. ஒரு தாள், ஒரு பேனா, வாரம் ஒரு முறை ‘திட்டம் என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஓர் ஆள் போதும்.

படி 5: நேர்முகத் தேர்வுக்கும் அதற்குப் பிறகும்

ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் பற்றிய 85 ஆண்டு ஆராய்ச்சியை ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் தொகுத்தார்கள். செய்ய வேண்டிய வேலையிலேயே ஒரு மாதிரி கொடுத்துச் செய்யச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு கேட்பதும் ஆளை நன்றாக இனங்காட்டும் முறைகளில் முன்வரிசையில் நின்றன. நல்ல நிறுவனங்கள் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்கு மனப்பாடம் செய்த பதிலோடு போகும் மாணவர், ‘குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வியில் திணறுவது இதனால்தான்.

பயிற்சி இப்படிக் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஆறு சம்பவங்களை எழுதிவர வேண்டும்: ஒரு சிக்கலைத் தீர்த்தது, தோற்றது, ஒருவரைச் சம்மதிக்க வைத்தது, புதிதாக ஒன்றைக் கற்றது, நேர நெருக்கடியில் வேலை முடித்தது, பொறுப்பேற்று நடத்தியது. ஒவ்வொன்றிலும் நிலைமை என்ன, தான் என்ன செய்தார், முடிவு என்ன ஆனது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகட்டும். ‘நாங்கள் செய்தோம்’ என்று சொன்னால் நிறுத்தி, ‘அதில் நீங்கள் செய்தது எது?’ என்று கேளுங்கள். பேசுவதைப் போனில் பதிவு செய்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படும் மாணவரை வகுப்பு முன்னால் நிறுத்த வேண்டாம். முதல் சில முறை தனியறையில் நடக்கட்டும்.

வேலை கிடைத்த பிறகும் துணை தேவை. நியமனக் கடிதத்தைப் படிக்கவே பலருக்குத் தெரிவதில்லை. மொத்தச் சம்பளம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, தகுதிகாண் காலம், விலக எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். வேலைக்காகப் பணம் கட்டச் சொல்பவர், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்பவர், யாரும் முகம் காட்டாமல் மெசேஜிலேயே நேர்முகத் தேர்வை முடிப்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் விலகி நிற்கச் சொல்லிக் கொடுங்கள். வேலை கிடைக்காத பதற்றத்தில் இருப்பவர்தான் இவர்களிடம் மாட்டிக்கொள்கிறார்.

படி 6: தொழில் தொடங்க விரும்புபவர்களுக்கு

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். கல்லூரியை விட்டு ஓடிப்போய்ப் பெரிய நிறுவனம் கட்டிய இளைஞனின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவின் புதிய நிறுவனங்களில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிக வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று தெரியவந்தது. துறையில் வேலை பார்த்த அனுபவம் அவ்வளவு உதவுகிறது. மாணவர் இன்றைக்கே தொடங்காவிட்டால் ரயில் போய்விடும் என்று அவரை அவசரப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில், மாணவர் குழுக்கள் ஒரு சிறு நிறுவனத்தை நடத்திப் பார்க்கும் பாடத்தை ஆராய்ந்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, பாடம் முடிந்தபோது தொழில் தொடங்கும் எண்ணம் மாணவர்களிடம் குறைந்திருந்தது. இதைத் தோல்வி என்று பலர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு இது சரிப்படாது என்று ஒரு மாணவர் இருபது வயதில், கடன் வாங்கும் முன்பே தெரிந்துகொண்டால் அது அவருக்கு நாம் செய்த நன்மை.

இன்னும் முக்கியமான பாடம் துனிசியாவிலிருந்து வருகிறது. அங்கே 2009இல், இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில் திட்டம் எழுதலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். தொழில் பயிற்சியும் தனித்தனி வழிகாட்டிகளும் தந்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு வருடத்தில் சுயதொழிலில் இருப்பவர்கள் சில சதவீதப் புள்ளிகள் மட்டுமே கூடியிருந்தார்கள். மொத்தத்தில் ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்களின் விகிதம் மாறவில்லை. நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் நிலைக்கவில்லை. தாளில் எழுதும் திட்டம், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கேயே நின்றுவிடுகிறது.

எது உதவுகிறது? மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் சிறு தொழில் நடத்துபவர்களிடம் இரண்டு விதப் பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். வழக்கமான கணக்கு, சந்தைப்படுத்தல் பயிற்சி பெற்றவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லும்படி உயர்வு இல்லை. தானாக முன்வந்து செய்வது, வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் வேறு வழி பார்ப்பது ஆகிய பழக்கங்களை உளவியல் முறையில் பயிற்றுவித்தபோது லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. அவர்கள் மாணவர்கள் இல்லைதான். ஆனாலும் நம் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை:

அ) யோசனையோடு வரும் மாணவரை, அந்தச் சிக்கல் உள்ளவர்களிடம் அனுப்புங்கள். ‘இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்கக்கூடாது. மரியாதைக்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்பார்கள். ‘இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது?’ என்று நடந்ததைக் கேட்க வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கார்ப்ஸ் பயிற்சியில், ஆராய்ச்சியாளர் குழுக்கள் ஏழு வாரத்தில் 100 பேரையாவது சந்தித்துப் பேச வேண்டும். மாணவருக்கு முதல் கட்டமாக 20 பேர் போதும். பாதி யோசனைகள் இங்கேயே மாறிவிடும்.

ஆ) முதல் விற்பனை. பொருள் முழுமையடையக் காத்திருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள், முன்பின் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து வாங்க வேண்டும். உறவினரும் வகுப்புத் தோழரும் வாங்குவது கணக்கில் வராது. இதற்குத் தேவையான சிறு தொகையை மையம் கொடுக்கலாம். திருப்பிக் கேட்க வேண்டாம், செலவுக் கணக்கை மட்டும் கேளுங்கள்.

இ) கூட்டாளிகளுக்குள் எழுத்து ஒப்பந்தம். நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் தொழில் உடைவது பெரும்பாலும் பணம் இல்லாததால் மட்டும் நடப்பதில்லை. யார் எவ்வளவு உழைக்கிறார், படிப்பு முடிந்ததும் யார் தொடர்வார் என்பதில் மனக்கசப்பு வந்து உடைகிறது. பங்கை முதல் நாளே மொத்தமாகக் கொடுக்காமல், நான்கு வருடத்தில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் பங்கு கிடையாது என்றும் வைப்பது ஸ்டார்ட்அப் உலகில் பரவலான வழக்கம். நட்பு நன்றாக இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும்.

ஈ) கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பதைப் பல்கலைக்கழகம் எளிய மொழியில், ஒரு பக்கத்தில் அறிவிக்க வேண்டும். கூகுள் தேடலின் அடிப்படை உத்திக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. பல்கலைக்கழகம் உரிமத்துக்கு ஈடாக நிறுவனப் பங்குகளைப் பெற்றுக்கொண்டு, கூகுளைத் தொடங்கிய தன் மாணவர்களை வேலை செய்யவிட்டது. அந்தப் பங்குகளை 2005 வாக்கில் விற்றதில் சுமார் 33.6 கோடி டாலர் வந்தது. மாணவரின் ஒவ்வொரு யோசனைக்கும் பெரும்பங்கு கேட்கும் நிர்வாகத்திடம் மாணவர்கள் தங்கள் யோசனையைச் சொல்லவே மாட்டார்கள்.

உ) பணம். வாடிக்கையாளர் தரும் பணம் முதலில், போட்டிப் பரிசும் மானியமும் அடுத்து, முதலீட்டாளர் அதற்கும் பிறகு. கடன் கடைசியில். குடும்பம் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து மாணவர் தொழில் தொடங்குவதற்கு எந்த நிலையிலும் நாம் துணைபோகக்கூடாது.

ஊ) நிறுத்தும் நாளைத் தொடங்கும்போதே குறியுங்கள். ‘ஆறு மாதத்தில் இத்தனை வாடிக்கையாளர் வரவில்லையென்றால் நிறுத்துவோம் அல்லது மாற்றுவோம்’ என்று எழுதிவைத்தால் நிறுத்துவது அவமானமாகத் தெரியாது. நிறுத்திய மாணவரை அடுத்த வாரமே படி 4க்கு அழைத்துவாருங்கள். 20 பேரிடம் பேசி, ஒன்றைச் செய்து, விற்று, கணக்கு வைத்த மாணவரின் ரெஸ்யூமே பல இன்டர்ன்ஷிப்களைவிடக் கனமானது.

இந்தப் பகுதியில் ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் கற்பித்த ஃபிரெடரிக் டெர்மன், வேலைக்குப் போய்விட்ட தன் மாணவர் டேவிட் பேக்கர்டுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். பேக்கர்டையும் வில்லியம் ஹியூலெட்டையும் சேர்ந்து தொழில் தொடங்க ஊக்கப்படுத்தினார். ஹியூலெட்டின் படிப்பு ஆய்விலிருந்து பிறந்த ஒலி அலையியற்றிதான் (ஒலிக் கருவிகளைச் சோதிக்க உதவும் மின்னணுக் கருவி) அவர்களுடைய முதல் பொருள். டிஸ்னி ஸ்டுடியோ அதில் எட்டை வாங்கியது. 1939இல் 538 டாலரோடு தொடங்கிய அந்த நிறுவனம்தான் ஹெச்பி. டெர்மன் செய்ததைக் கூர்ந்து பாருங்கள்: இரண்டு பேரைச் சேர்த்துவைத்தார், திரும்பி வர வழி பண்ணினார், ஆய்வைப் பொருளாக்கலாம் என்று கண்டு சொன்னார். எந்தத் துறை ஆசிரியரும் செய்யக்கூடிய காரியங்கள் இவை.

படி 7: சரியானதை எண்ணுங்கள்

‘95 சதவீத வேலைவாய்ப்பு’ என்ற விளம்பரத்தை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பதிவு செய்தவர்களில் 95 சதவீதமா, படித்தவர்களிலா? சேர்ந்தவர்கள் இன்னும் அந்த வேலையில் இருக்கிறார்களா? உங்களுக்காகவாவது நேர்மையான கணக்கு வையுங்கள். பட்டம் பெற்ற 6ஆம் மாதமும் 18ஆம் மாதமும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, என்ன செய்கிறார், படித்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா, வருமானம் போதுகிறதா என்று கேளுங்கள். முதல் தலைமுறை மாணவர்களின் கணக்கைத் தனியாகவும் பாருங்கள். மொத்தச் சராசரி நன்றாக இருந்து இவர்கள் எண் மோசமாக இருந்தால், மையம் யாருக்கு உழைக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிரான்சில், பட்டம் பெற்று வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குத் தீவிர வேலைதேடல் உதவி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. உதவி பெற்றவர்கள் வேலைக்குப் போனார்கள், ஆனால் அந்த லாபத்தில் ஒரு பகுதி உதவி பெறாதவர்களின் வாய்ப்பைப் பிடித்ததால் வந்தது. வேலைச்சந்தை மோசமாக இருந்த இடங்களில் இது அதிகம். வரிசையில் நம் மாணவரை முன்னால் தள்ளுவதோடு நின்றால் போதாது என்பதற்கு இது ஆதாரம். மாணவர் ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் புதிதாக ஏதாவது செய்து காட்டும் வழிகளுக்கு, அதாவது படி 2க்கும் படி 6க்கும், அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பட்டத்தோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். பொருளாதார மந்தத்தில் கனடாவில் பட்டம் பெற்றவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அவர்களுடைய தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது, அந்த இழப்பு மறைய ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. மீண்டவர்கள் பலரும் முதலில் கிடைத்த வேலையிலேயே தங்காமல், படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள். மோசமான வருடத்தில் வெளியே போன வகுப்புக்கு இரண்டாவது வேலை தேடும்போதுதான் நம் உதவி அதிகம் தேவைப்படும். பழைய மாணவர் கதவைத் தட்டினால் ‘நீங்கள் முடித்துவிட்டீர்களே’ என்று சொல்லாத ஒரு மையம் வேண்டும்.

ஒரே ஒரு ஆசிரியராக இருந்தால் முதல் வருடத்தில் எதிலிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் முன்னாள் மாணவர் பட்டியலை முடியுங்கள். இறுதியாண்டு மாணவர்களுடன் தனிப் பேச்சைத் தொடங்குங்கள். அடுத்த மூன்று மாதத்தில் வளாக வேலைகளுக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வாங்குங்கள், வாராந்திரத் திட்டத் தாளை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது காலாண்டில் ஒரே ஒரு மாணவர் சேவைக் குழுவைத் தொடங்கி, ஒரே ஒரு நிஜ வாடிக்கையாளரைப் பிடியுங்கள். கடைசிக் காலாண்டில், வெளியேறும் மாணவர்களின் தற்போதைய போன் எண்ணையும், பல்கலைக்கழகத்துடையது அல்லாத சொந்த மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி வையுங்கள். பல்கலைக்கழக முகவரி சில மாதங்களில் முடங்கிவிட வாய்ப்பு உண்டு. 6ஆம் மாதம் அவர்களைக் கூப்பிட அந்த எண் தேவைப்படும்.